வர்ஷினியின் ரத்தத்தில் நான் தேடிய எண்

வர்ஷினி பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். நாலேகாலுக்கு வேன் வந்துவிடும். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அவள் வீட்டில் இருந்தால் எனக்கு ஒரு வரி ஓடாது. பேனாவைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். "எதுக்குப்பா என்னையவே பாத்துக்கிட்டு இருக்க?" என்பாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

எங்கள் சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து வடக்கே முறுக்குப் போடப் போனவர்கள் ஏராளம். நானும் எட்டாம் வகுப்போடு பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். சத்தீஸ்கரில் ஜகதல்பூரில் இப்போது சொந்தமாக ஒரு சின்ன முறுக்குக் கம்பெனி வைத்திருக்கிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். பிள்ளைகளை லீவுக்கு அங்கே கூட்டிப்போகிற அப்பன்மாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று காதில் வாங்கியது. தப்பிருந்தால் டாக்டரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

போன புரட்டாசியில் காலாண்டு லீவுக்கு அவளை அழைத்துக்கொண்டு போனேன். நான்காம் வகுப்பு. ரயிலே பார்த்ததில்லை. விசாகப்பட்டினத்தில் ரயில் மாறி அரக்கு மலையேறும்போது குகை குகையாக வரும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். நாற்பத்தேழு வரை வந்து அப்படியே கம்பியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மீதியை நான் எண்ணி வைக்கவில்லை என்று ஜகதல்பூர் போய்ச் சேரும்வரை என்னோடு பேசவில்லை. கம்பெனியில் முறுக்குச் சுடுகிற சரக்கு மாஸ்டர் தொடங்கி எல்லோரிடமும், "நாப்பத்தேழு குகை. அதுக்கப்புறமும் இருந்துச்சு, எங்கப்பாதான் எண்ணாம விட்டுருச்சு" என்று என்னைக் காட்டிக்கொடுத்தாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. நாங்கள் கிளம்பியது ஊர் சாட்டிய மறுநாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் உள்ள அம்மனுக்குத் திருவிழா வைப்பதற்கு எட்டு நாள் முன்னால் கொட்டடித்து ஊருக்கு அறிவிப்பார்கள். அதற்குப் பேர் சாட்டு. சாட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை யாரும் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. எங்கள் அம்மனுக்குச் சேர்ந்தது ஐந்து ஊர். அந்த ஐந்துக்குள் எங்கே தங்கினாலும் குற்றமில்லை. ரயில் டிக்கெட்டை இரண்டு மாதத்துக்கு முன்பே எடுத்திருந்தேன். சாட்டு எந்தத் தேதியில் விழும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? தசராவுக்கு ஆர்டர் குவிந்து கிடந்தது, போகாமலும் இருக்க முடியாது. அதனால் ஐந்து ஊரில் ஒன்றில் இருக்கும் என் மனைவி செல்வியின் தங்கை வீட்டுக்கு நானும் பிள்ளையும் போயிருப்பதாகச் சொல்லிவைத்துவிட்டு, விடிவதற்குள் பஸ் ஏறினோம். செல்வி முளைப்பாரிக்கு விரதம் இருந்ததால் வரவில்லை. அவளுக்கு மனசே இல்லை. "அம்மனை ஏமாத்திட்டுப் போறீக, பாத்துக்கங்க" என்றாள். "அம்மனை இல்ல புள்ள, கோயில் கமிட்டியத்தேன்" என்று சிரித்தேன்.

திருவிழாவன்று மத்தியானம் திரும்பிவிட்டோம். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது.

முதல் நாள் சுக்குத்தண்ணி. இரண்டாம் நாள் குளிர் தூக்கிப் போட்டது. இரண்டு போர்வைக்குள்ளும் பிள்ளை நடுங்கினாள். தெரு முனையில் உள்ள கிளினிக்குக்குத் தூக்கிப் போனோம். அங்கே ஸ்டெல்லா சிஸ்டர்தான் எல்லாம். பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்க்காரம்மா, பதினைந்து வருஷமாக எங்கள் தெருவுக்கே ஊசி போடுகிறவர். பெஞ்சில் கூட்டம். அந்தக் கூட்டத்தில் தங்கப்பாண்டி அண்ணனும் முழங்கால் வலிக்கு மருந்து வாங்க உட்கார்ந்திருந்தார். வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர், கோயில் கமிட்டியில் முக்கியமான ஆள்.

சிஸ்டர் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டே கேட்டார். "பரமண்ணே, பாப்பாவ எங்கிட்டாவது வெளியூரு கூட்டிட்டுப் போனீகளா?"

பெஞ்சு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது போலிருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. தங்கப்பாண்டி அண்ணன் முழங்காலைத்தான் தடவிக்கொண்டிருந்தார்.

"இல்ல சிஸ்டர். அவ சித்தி வீட்டுலதேன் இருந்தா."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

இதில் என்னால் மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. எனக்கு மலேரியா தெரியும். மழைக்காலத்தில் எங்கள் கம்பெனியில் இரண்டு பேராவது அதில் படுப்பார்கள். அங்கேயே மாத்திரை தருவார்கள், நாலாம் நாள் எழுந்து அடுப்படிக்கு வந்துவிடுவார்கள். அதனால் அதைச் சளி மாதிரி ஒரு விஷயமாக நினைத்துப் பழகியிருந்தேன். சிஸ்டர் கேட்ட நேரத்தில் அந்த வார்த்தை என் வாய்வரை வந்தது. சொன்னால் சாட்டை மீறியது வெளியே வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் வேறு. 'சாமி குத்தம்' என்று தெருவே செல்வியைப் பார்க்கும் என்று யோசித்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கினேன். வைரல் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார்கள். அப்படி இரண்டு நாள் போனது.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு, கஞ்சி டம்ளரைப் பிடித்திருந்த கை வெட்டியது. கண் மேலே சொருகியது. வலிப்பு. ஆம்புலன்ஸில் தேனிப் பெரிய ஆஸ்பத்திரி. வீரபாண்டி மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

அவசரப் பிரிவில் சின்ன டாக்டரம்மா ஒருவர். கம்பத்துக்காரப் பெண் என்று பிறகு தெரிந்தது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். அது தரைமட்டத்துக்கு இறங்கிக் கிடந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிள்ளை கண் திறக்காமலே உதட்டை அசைத்தாள்.

"பானி… பானி தோ…"

டாக்டரம்மாவின் கை நின்றது. "இவளுக்கு இந்தி யாரு சொல்லிக் குடுத்தது?"

ஜகதல்பூரில் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையோடு மூன்று நாள் விளையாடியதில் ஒட்டிக்கொண்ட பேச்சு. நினைவு தப்பிக் கிடந்தவள் தண்ணீர் கேட்டதும் அதில்தான்.

"அப்பா, உங்களத்தான் கேக்குறேன். எங்க போயிட்டு வந்தீங்க?"

"சத்தீஸ்கர் மேடம். ஜகதல்பூரு."

"எப்ப?"

சொன்னேன்.

"இத ஏன் இவ்வளவு நேரமாச் சொல்லல?"

"சாட்டு…" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்க ஊருலயும் சாட்டு உண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு, பரிசோதனை அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை. ஒரு சொட்டு ரத்தம். ஒரு கோடு விழுந்தால் மலேரியா இல்லை. இரண்டு கோடு விழுந்தால் உண்டு. கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த இரண்டாம் கோட்டுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சீக்கிரமே வந்துவிட்டது.

ஃபால்சிபேரம் என்று பேர். மலேரியாவிலேயே மோசமானது அதுதானாம். கிருமி புகுந்த ரத்த அணுக்கள் பிசுபிசுத்துப்போய் மெல்லிய ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூளையில் உள்ள மயிரிழைக் குழாய்களில் அப்படி ஒட்டினால் ஓட்டம் அடைபடும், மூளை வீங்கும். வலிப்பு வரும், நினைவு தப்பும். ஆர்ட்டிசுனேட் என்ற ஊசியை முதல் நாள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு தினம் ஒன்று என்று நரம்பில் போட்டார்கள். குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள்.

கதவுக்கு வெளியே வராண்டா. அங்கே என்னால் உட்காரவே முடியவில்லை. தண்ணீர்க் குழாய்வரை இருபத்திரண்டு அடி, திரும்ப இருபத்திரண்டு. கடமலைக்குண்டிலிருந்து வந்த ஓர் அக்கா, மகளுக்கு டெங்கு என்று நாலு நாளாக அங்கேயே இருந்தவர், நான் நடப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏப்பா, உன் காலடிச் சத்தத்துலயே எங்க எல்லாருக்கும் காச்சல் வந்துரும் போல. இப்படி உக்காரு. நான் ஒனக்கு இந்தக் கதவப் பத்திச் சொல்றேன். கதவு டபார்னு தொறந்தா நர்ஸு. மருந்துச் சீட்டுத்தேன் வரும், பயப்படாத. மெதுவாத் தொறந்தா டாக்டரு. அப்பத்தேன் எந்திரிக்கணும்."

"டாக்டரு வந்து என்ன சொல்லுவாகக்கா?"

"'பாப்போம்'பாக. அதச் சொன்னா நீ போயி ஒரு டீ குடிக்கலாம். பேரச் சொல்லி, 'கொஞ்சம் உள்ள வாங்க'ன்னாகன்னா, டீயக் கீழ வச்சிட்டுப் போ."

இப்படிப்பட்ட பேச்சு எங்கே கேட்டாலும் மனசில் முடிந்துவைத்துக்கொள்கிறவன் நான். அன்றைக்கும் முடிந்துகொண்டேன். ஆனால் கால் நிற்கவில்லை.

அன்று நாலு மணிக்குக் கதவு மெதுவாகத் திறந்தது. சின்ன டாக்டரம்மா. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, ரத்தக்கசிவு ஏதும் இல்லை என்றார். சிறுநீர் குறைந்திருக்கிறது, கிட்னி சுணங்குகிறது, கவனிக்கிறோம் என்றார்.

"அப்ப மூளைக்கு ஒண்ணுமில்லையா மேடம்?"

"அப்படிச் சொல்ல முடியாதுப்பா. ஸ்கேன்ல தெரியாத காயமும் இருக்கும்."

"தெரியாததத் தெரிஞ்சுக்கிறதுக்கு டெஸ்ட் எதுவும் இல்லையா?"

அவர் களைத்திருந்தார். கேள்வி கேட்கிறவனைத் துரத்திவிடாத நல்ல மனசு. சுவரில் சாய்ந்து நின்று சொன்னார். மூளையில் உள்ள நரம்புச் செல்களுக்குள் சில புரதங்கள் உண்டு. டாவ், நியூரோஃபிலமென்ட் என்று பேர்கள். செல் நன்றாக இருக்கும்வரை அவை உள்ளேயே கிடக்கும். செல் காயப்பட்டால் கசிந்து ரத்தத்தில் கலக்கும். ரத்தத்தை எடுத்து அது எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்க இப்போது வழி வந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் கடும் மலேரியா வந்த பிள்ளைகளிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள். அது ரொம்ப ஏறியிருந்த பிள்ளைகளில், பிழைத்து எழுந்த பிறகும் படிப்பிலும் ஞாபகத்திலும் தடுமாறியவர்கள் அதிகமாம். கிட்னி கெட்ட பிள்ளைகளிடமும், நினைவு தப்பாதவர்களிடம்கூட, அது ஏறியிருந்ததாம்.

நான் திருதிருவென்று விழித்திருப்பேன். "என்ன தொழில் பண்றீங்க?" என்றார்.

"முறுக்குக் கம்பெனி."

"மாவு மூட்டை வண்டில போகும்போது ரோட்டுல மாவு சிந்திக் கிடக்குன்னு வைங்க. பாத்தா என்ன தெரியுது?"

"மூட்ட கிழிஞ்சிருக்குன்னு தெரியுது."

"நெறைய சிந்தியிருந்தா பெரிய கிழிசலா இருக்கலாம். ஆனா எந்தப் பக்கம் கிழிஞ்சது, தைக்க முடியுமா, உள்ள எவ்வளவு மிச்சம் இருக்கு? ரோட்டப் பாத்து அதச் சொல்ல முடியாது. அவ்வளவுதான் இந்த டெஸ்ட்டும். இங்க அது கிடையாது. இன்னும் ஆராய்ச்சி அளவுலதான் இருக்கு."

அவர் சொன்னதில் கடைசி மூன்று வாக்கியம் என் காதில் ஏறவே இல்லை. அளக்கலாம் என்ற ஒன்று மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அன்று ஆரம்பித்தது என் பைத்தியம். ஜகதல்பூர் முதல் சென்னைவரை எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் போன் போட்டேன். மருந்து கம்பெனியில் வேலை பார்க்கும் பழைய கூட்டாளி ஒருவன், பெரிய ஊர்களில் ஒன்றிரண்டு லேப்களில் அந்த மாதிரி ஏதோ பார்ப்பதாகக் கேள்வி என்றான். ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டியிருக்கும், விசாரித்துச் சொல்கிறேன் என்றான். அது போதாதா எனக்கு? நானே ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறத் தயாராகிவிட்டேன். செல்வி டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். தங்கை கொடுத்தனுப்பிய இட்லி. அவள் எனக்கு எடுத்துவைத்துவிட்டு ஒன்றைக் கையில் வைத்துப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, அந்த நம்பரு வந்தா பிள்ள கண்ணு முழிச்சிருவாளா?"

"தெரிஞ்சுக்கிறணும்ல புள்ள."

"என்னத்த?"

நான் எழுந்து குழாய்வரை நடந்தேன்.

மறுநாள் பத்து மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். மதுரைக்காரர், ஐம்பது தாண்டியவர், ஒவ்வொரு பிள்ளை முன்னாலும் குனிந்து ஏதோ காதில் சொல்லிவிட்டுத்தான் நோட்டைப் பார்ப்பார். வெளியே வந்தவரை மறித்தேன். ரத்தத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள், கொண்டுபோவது என் பாடு என்றேன்.

"கேள்விப்பட்டேன். டாக்டரம்மா சொன்னாக. ஏன்யா, அந்த நம்பர வச்சு நான் வைத்தியத்துல எதையாவது மாத்தப்போறேனா? ஊசி அதேதான். குளுக்கோஸ் அதேதான். வலிப்பு வராமப் பாக்குறோம், கிட்னியப் பாக்குறோம். நம்பரு பெருசா வந்தாலும் இதேதான், சிறுசா வந்தாலும் இதேதான்."

"இருந்தாலும் சார்…"

"அது எவ்வளவு இருந்தா அதிகம், எவ்வளவு இருந்தா கம்மின்னு ஒத்தப் பிள்ளைக்கு அடிச்சுச் சொல்ற அளவுக்கு இன்னும் வரல. நூறு பிள்ளைகளச் சேத்துப் பாத்தா ஒரு போக்கு தெரியும். ஒம் பிள்ள அந்த நூறுல யாருன்னு அது சொல்லாது. நம்பரு வந்தா நீ என்ன செய்வ?"

வராண்டாவில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த முறை நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருந்தும் சொன்னேன்.

"கிளினிக்குல சிஸ்டர் கேட்டாக சார். நான் பொய் சொன்னேன். அதுல ரெண்டு நாளு போச்சு. அந்த ரெண்டு நாளு எவ்வளவுன்னு எனக்குத் தெரியணும்."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த ரெண்டு நாள் அந்த ரத்தத்துல தனியா எழுதியிருக்காதுய்யா" என்றார். "மொதல்ல வந்திருந்தா நல்லதுதான். இல்லன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அத அளக்குற டெஸ்ட்டு எந்த ஊருலயும் இல்ல." பிறகு கதவைக் காட்டினார். "நேத்து ராத்திரிக்கும் இன்னைக்குக் காலைக்கும் நடுவுல ஒண்ணுக்கு நூத்தம்பது மில்லி கூடப் போயிருக்கா. ஒனக்கு ஒரு நம்பரு வேணும்னா அத வச்சுக்க."

சிறுநீர்ப் பையில் உள்ள கோட்டைப் பார்த்து இதற்குமுன் யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்களா தெரியாது. கண்ணாடி வழியாக நானும் செல்வியும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கடமலைக்குண்டு அக்கா, "போ, இன்னைக்கு டீ குடிக்கலாம்" என்றார்.

இதற்கிடையே ஊரில் ஒரு கூத்து நடந்திருக்கிறது. மலேரியா என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போனதும் சுகாதாரத் துறை ஆட்கள் எங்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். கிருமி உள்ள ஆளைக் கடித்த கொசு இன்னொருவரைக் கடித்தால் அவருக்கும் வரும் என்பதால் வீடு வீடாக விரலில் குத்தி ரத்தம் எடுத்திருக்கிறார்கள், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்திருக்கிறார்கள், புகை அடித்திருக்கிறார்கள். "பரமசிவம் மகளுக்கு மலேரியா. சத்தீஸ்கர் போய் வந்தவுகளாம்." ஐந்து ஊருக்கும் சாட்டுக் கொட்டுகூட அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் மத்தியானம், தங்கப்பாண்டி அண்ணன் வராண்டாவில் வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம். விரல் நுனியில் ஊசி குத்திய புள்ளி. செல்வி எழுந்து சுவரோரம் போனாள். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"ஏலே பரமா. ஒன்னால எனக்கும் விரல்ல குத்திப்புட்டாங்கெடா."

"தப்புத்தேன்ணே. சாட்டுக்கு மறுநா…"

"தெரியும்ல. தெருவுக்கே தெரியும்." பழத்தைச் செல்வியிடம் கொடுத்தார். "பிள்ள எப்படி ஆத்தா இருக்கா?"

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையை அவள் அடக்கியது அன்றோடு முடிந்தது.

அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "வெவரங்கெட்ட பயலே. டிக்கெட்டு எடுத்தாச்சுன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல? மஞ்சத்துணியில ஒரு ரூவாய முடிஞ்சு அம்மன் காலடியில வச்சு உத்தரவு கேட்டுட்டுப் போனா முடிஞ்சுபோச்சு. லோடு ஏத்திக்கிட்டுக் கொச்சிக்குப் போற டிரைவருமாரு வருசா வருசம் அப்படித்தேன் போறாங்கெ. எம் மகன் போனானே, நெடுங்கண்டத்துக்கு, ஏலக்காத் தோட்டத்துக்கு. அவன் என்ன அன்னாடம் பறந்தா வந்துபோறான்?"

"எனக்குத் தெரியாதுண்ணே."

"நீ பதினாலு வயசுல வடக்க போன பய. ஒனக்கு எங்கிட்டுத் தெரியும்? கேட்டாத்தானடா தெரியும்."

ஒரு ரூபாயும் ஒரு துண்டு மஞ்சள் துணியும். அதைக் கேட்காமல்தான் நான் சித்தி வீட்டுக் கதையைக் கட்டினேன். அதைக் காப்பாற்றத்தான் சிஸ்டரிடம் பொய் சொன்னேன். அண்ணன் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், வாழைத்தாரைத் தட்டிப் பார்ப்பதுபோல.

அன்று ஐந்து மணிக்குக் கதவு மெதுவாகத் திறந்தது. "வர்ஷினி அப்பா அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க." செல்விதான் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கண் திறந்திருந்தது. எங்களைப் பார்த்தாள். ஆனால் யாரோ ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஆத்தா" என்று செல்வி கன்னத்தைத் தொட்டபோது மட்டும் புருவம் அசைந்தது. பேச்சு மறுநாள்தான் வந்தது. முதல் வார்த்தை "அம்மா", இரண்டாவது "ஒண்ணுக்கு". நான் எங்கே என்று கேட்கவில்லையே என்று எனக்கு அந்த நிலையிலும் ஒரு குறை.

பிறகு எல்லாம் மெல்ல மெல்ல. ஊசி நின்று மூன்று நாள் மாத்திரை. கிட்னி தேறியது. நடக்கும்போது இடப்பக்கம் சாய்ந்தாள், ஒரு வாரத்தில் நேரானது. வார்த்தை தேடி நின்றாள். டம்ளரைக் காட்டி, "அது… தண்ணி… அது" என்பாள். நான் முந்திக்கொண்டு "டம்ளரு" என்பேன். இப்படி ஒரு நாளைக்கு நூறு தடவை அவளுக்கு முந்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு பைத்தியம் பிடித்தது. லேப் கதை முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றைய ரத்தத்தைப் பற்றித்தான் நான் கேட்டதெல்லாம். அந்த நாளின் ரத்தம் இனி எங்கே கிடைக்கும்? அதனால் பிள்ளையையே டெஸ்ட் பண்ண ஆரம்பித்தேன். ஏழாம் வாய்ப்பாடு சொல்லு. நேற்று என்ன சாப்பிட்டாய்? ரயிலில் போனோமே, ஞாபகம் இருக்கா? எத்தனை குகை?

"எந்த ரயிலு?" என்றாள்.

அந்தப் பயணமே அவளிடம் இல்லை. ஜகதல்பூர் இல்லை, பக்கத்து வீட்டுத் தோழி இல்லை, குகை இல்லை. நான் போட்டோவைக் காட்டினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துச் சிரிக்கும் தன்னையே யாரோ போலப் பார்த்தாள். நான் விடவில்லை. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் கேட்டேன். ஒரு நாள் போட்டோவைப் பார்த்ததும் காதைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள்.

மறுபரிசோதனைக்குப் போனபோது செல்வி என்னைப் போட்டுக்கொடுத்துவிட்டாள். பெரிய டாக்டர் பிள்ளையைப் படம் வரையச் சொல்லி, எண்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, கட்டைகளை அடுக்கச் சொல்லி, அரை மணி நேரம் விளையாடுவதுபோலச் சோதித்தார். முன்னோக்கி ஐந்து எண் சொன்னாள். பின்னோக்கி மூன்றில் நின்றாள். "இது கொஞ்சம் கம்மிதான். டீச்சர்ட்டச் சொல்லி முன் பெஞ்சுல உக்காரவைங்க. மாசத்துக்கு மாசம் பாப்போம். பல பிள்ளைகள் நல்லா மேல வந்துருதுக. சிலருக்குக் கொஞ்சம் நிக்கும்" என்றார். பிறகு என்னை மட்டும் பார்த்தார். "பரீட்ச வைக்கிறது என் வேல. நீ அப்பன் வேலையப் பாரு. அவ வார்த்தையத் தேடும்போது நீ வாயத் தொறக்காம இருந்து பழகு. அதுதான் ஒனக்கு வைத்தியம்."

சொல்வது சுலபம். வார்த்தையைத் தேடி அவள் கண் மேலே போகும்போது என் நாக்கு நுனியில் அது துடித்துக்கொண்டிருக்கும். பல்லைக் கடித்துக்கொள்வேன். ஐந்து மாதம் கடித்தேன். ஜகதல்பூருக்கு நான் போகவில்லை, சரக்கு மாஸ்டரே பார்த்துக்கொண்டார்.

போன வாரம் வர்ஷினிக்குக் காய்ச்சல். தொட்டால் சுட்டது. கொசு கடித்து மாதங்கள் ஆகிவிட்டன, இது பள்ளிக்கூடத்துச் சளிக்காய்ச்சல்தான் என்று புத்தி சொன்னது. கை கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். அதே பெஞ்சு, அதே கூட்டம். தங்கப்பாண்டி அண்ணன் அதே முழங்காலோடு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் விஷயத்துக்குப் பிறகு ஸ்டெல்லா சிஸ்டர் ஒரு மாற்றம் செய்திருக்கிறார். ஊருக்குப் போனீர்களா என்ற கேள்வியைப் பெஞ்சில் வைத்துக் கேட்பதில்லை. திரைக்கு உள்ளே கூட்டிப்போய்த்தான் கேட்கிறார். என்னையும் உள்ளே வரச் சொல்லித் திரையைப் பிடித்தார். "இங்கனயே கேளுங்க சிஸ்டர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டு, குனிந்து பிள்ளையிடமே கேட்டார். "சொல்லு தங்கம். போன ஒரு வருசத்துல எங்கிட்டாவது வெளியூரு போனியா?"

நான் வாயைத் திறந்தேன். பெரிய டாக்டர் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

"போனேன்" என்றாள். "அப்பாகூட. மதுரைக்கு பஸ்ஸு. அப்புறம் மெட்ராசு. அப்புறம் ரயிலு." கண் மேலே போனது. நின்றாள். சிஸ்டர் காத்திருந்தார். பெஞ்சு காத்திருந்தது. இருமிக்கொண்டிருந்த ஓர் ஆள்கூட இருமலை நிறுத்திவிட்டதுபோல் இருந்தது. செல்வி வீட்டில் போட்டோவைக் காட்டியிருப்பாளோ, இல்லை நான் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டதோ என்று என் மனசு ஒரு பக்கம் ஓடியது. நான் எத்தனை என்று அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டது மட்டும்தான்.

"மலை வந்துச்சு. இருட்டா வரும், அப்புறம் வெளிச்சமா வரும், திருப்பி இருட்டா வரும். அதுக்குப் பேரு…"

பல்லைக் கடித்தேன். தாடை வலித்தது.

"குகை" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் பழைய கோபம் ஒன்று மெல்ல ஏறி வந்தது. "நாப்பத்தேழு எண்ணுனேன். மிச்சத்த நீ எண்ணவே இல்லல்லப்பா?"